அனுப்புநர் பெயர்

அந்தக் கவர்களை மடியிலேயே வைத்துக்கொள்ளுங்கள். மேலே வைத்தால் அடுத்த வளைவில் உங்கள் தலையில்தான் விழும். கல்யாணப் பத்திரிகைதானே? நான்கு மூலையிலும் மஞ்சள் இருக்கிறதே, கேட்கவா வேண்டும். மகளுக்கா? சந்தோஷம். நான் தொட மாட்டேன், பயப்படாதீர்கள். துட்டி வீட்டுக்குப் போய்விட்டு வருகிறேன். இன்னும் குளிக்கவில்லை.

சொந்தக்காரர் இல்லை. என்னோடு வேலை பார்த்தவன், சுயம்புலிங்கம் என்று பெயர். அவன் மனைவி பொன்செல்வி இறந்து இன்றைக்குப் பன்னிரண்டாம் நாள். முப்பத்தாறு வயது. கிட்னி. எனக்கு யாரும் சொல்லவில்லை. பாளையங்கோட்டை பஸ் ஸ்டாண்டு சுவரில் கண்ணீர் அஞ்சலி போஸ்டரைப் பார்த்துத் தெரிந்துகொண்டேன். அதிலும் தேதியும் கிழமையும் ஒத்துப்போகவில்லை. அடிப்பவன் பஞ்சாங்கம் பார்க்க மாட்டான் போலிருக்கிறது.

துக்கம் கேட்கப் போன இடத்தில் அவன் என்னிடம் ஒன்று கேட்டுவிட்டான். நாகர்கோவிலில் ஒரு ஆஸ்பத்திரியில் கம்ப்யூட்டர் பிரிவில் அவனுக்கு வேலை தயாராக இருக்கிறதாம். பழைய இடத்தில் இவன் எப்படி நடந்துகொண்டான் என்று மேலதிகாரியிடமிருந்து ஒரு கடிதம் கேட்கிறார்களாம். திங்கட்கிழமைக்குள். கடிதம் இருந்தால் வேலை உண்டு, இல்லாவிட்டால் இல்லை. பெண் நாலாம் வகுப்புப் படிக்கிறாள். மேலதிகாரி என்றால் நான்தான், மாசிலாமணி. இன்றைக்குச் சனிக்கிழமை. அதுதான் பஸ் ஏறியதிலிருந்து யோசனை.

எழுதிக் கொடுத்தால் போயிற்று என்கிறீர்கள். நீங்கள் சுலபமாகச் சொல்லிவிட்டீர்கள். அவனை வேலையை விட்டு நீக்கியிருக்கிறது. என் அறிக்கையின் பேரில்.

பொறுங்கள், பொறுங்கள். முதலிலிருந்து சொன்னால்தான் நான் செய்தது உங்களுக்கு விளங்கும்.

எங்களுடையது ஒரு அறக்கட்டளை. நான்கு ஊரில் டயாலிசிஸ் நிலையம், மொத்தம் பத்தொன்பது மெஷின். ரத்தம் சுத்தம் பண்ணுகிற மெஷின். ஒருவர் உட்கார்ந்தால் நான்கு மணி நேரம். வாரத்துக்கு மூன்று முறை வேண்டியவர்கள் இருக்கிறார்கள். ஆள் அதிகம், மெஷின் குறைவு. அதனால் வரிசை. அந்த வரிசையை வைத்திருப்பது எங்கள் சர்வர், ஆபீசில் இருக்கிற பெரிய கம்ப்யூட்டர். வழக்கமாக நிலையத்து நர்ஸ் திரையில் பொத்தானை அழுத்துவாள். சர்வர் வரிசையைப் பார்த்து நாளும் நேரமும் சொல்லும்.

ஆனால் சில சமயம் ஒருவருக்கு மூச்சு முட்டும், வரிசை பார்த்தால் ஆள் இருக்காது. அதற்கு ஒரு வழி வைத்தோம். திரையில் பொத்தான் வைக்கவில்லை. வைத்தால் எல்லோரும் அழுத்துவார்கள். நம் ஜனங்களுக்கு அவசியமும் அவசரமும் ஒன்றுதான். அதனால் கமாண்ட் லைன் வழியாக மட்டும். கறுப்புத் திரை, அதில் எழுத்தை அடித்துத்தான் கட்டளை கொடுக்க வேண்டும். கர்ல் என்று ஒரு கட்டளை இருக்கிறது. அது உங்கள் வேண்டுகோளை எடுத்துக்கொண்டு சர்வரிடம் போகும். உள்ளே இருப்பது என்னவோ இன்ன நோயாளிக்கு இன்ன நாள் ஒரு மெஷின் வேண்டும் என்பதுதான். கவரின் மேல் என்ன எழுதுகிறீர்கள் என்பதுதான் விஷயம். உங்கள் மடியில் இருக்கிற கவர் மாதிரியே வைத்துக்கொள்ளுங்கள். உள்ளே இருப்பதைப் படிக்காமலே மஞ்சளைப் பார்த்து நல்ல காரியம் என்று தெரிந்துகொள்கிறோம் அல்லவா? வேண்டுகோளுக்கு மேலே எழுதுவதற்கு ஹெடர் என்று பெயர். உலகத்துக்கெல்லாம் பொதுவான ஹெடர்கள் உண்டு. நாமாக வைத்துக்கொள்கிற ஹெடர்களும் உண்டு. ஒரு சிறுகோடு, பக்கத்தில் பெரிய எச், அப்புறம் மேற்கோள் குறிக்குள்ளே தலைப்பு, முக்காற்புள்ளி, விவரம். எத்தனை வேண்டுமானாலும் எழுதலாம். தனக்குப் புரியாத ஹெடரைக் கண்டால் சர்வர் கண்டுகொள்ளாது. நம் ஊர்ப் பெரிய மனிதர்கள் மாதிரி.

நான் மூன்று ஹெடர் வைத்தேன். அனுப்புநர், காரணம், முன்னுரிமை. முன்னுரிமையில் ஒன்று என்று போட்டால் அந்த நோயாளி வரிசையின் தலைக்குப் போவார். டாக்டர் எழுதிக் கொடுத்தால்தான் போட வேண்டும். அனுப்புநர் பெயர் இல்லாமல் வந்தால் சர்வர் வாங்காது, திருப்பி அனுப்பிவிடும். இது என் விதி. வந்ததெல்லாம் லாக் என்கிற பதிவேட்டில் பதியும், மாதக் கடைசியில் நான் படித்துப் பார்த்துக் கையெழுத்துப் போடுவேன். இப்படி ஒரு ஒழுங்கு திருநெல்வேலி ஜில்லாவில் வேறு எங்கும் கிடையாது. நான் விசாரித்திருக்கிறேன்.

சரியாகப் பிடித்துவிட்டீர்கள். பத்திரிகை அச்சடிக்கக் கொடுத்து வந்தவர் இல்லையா, கண் கூர்மை. ஆமாம், அந்த அனுப்புநர் என்ற இடத்தில் எவன் பெயரைப் போட்டாலும் சர்வர் நம்பும். உங்கள் பெயரைப் போடலாம், கலெக்டர் பெயரைப் போடலாம், செத்துப்போனவர் பெயரைப் போடலாம். அது சரிபார்க்காது. பெயர் இருக்கிறதா என்று மட்டும்தான் பார்க்கும். அந்தக் கறுப்புத் திரையைத் தொடக்கூடியவர்கள் நாங்கள் இரண்டே பேர், நானும் சுயம்புவும். இரண்டு பேருக்குள் எதற்கு இன்னொரு பூட்டு என்று விட்டுவிட்டேன்.

உண்மையைச் சொன்னால் அடிப்பது அவன்தான். நான் அடிப்பதில்லை. விதி எழுதியவன் விரலையும் கொடுக்க வேண்டுமா என்ன? நான் அவன் நாற்காலிக்குப் பின்னால் நிற்பேன். “போடுடே” என்பேன். அவன் அடிப்பான். ஆறு வருஷம். ஒரு தடவைகூட எழுத்துப் பிசகியதில்லை.

எங்கள் ஊரில் டயாலிசிஸ் ஆபீசில் இருப்பவனுக்கு எத்தனை போன் வரும் தெரியுமா? நீங்கள் கல்யாணத்துக்கு அழைக்கிறீர்களே, அதைவிட அதிகம். கவுன்சிலரின் மைத்துனர். என் தங்கையின் மாமியார். என் மகன் படித்த ஸ்கூல் தாளாளர். எல்லாம் ஒரே பேச்சு. “மாசிலாமணி, வரிசையை மீற வேண்டாம், சும்மா கொஞ்சம் முன்னால தள்ளி விடு.” வரிசையை மீறாமல் முன்னால் போவது எப்படி என்று நான் கேட்டதில்லை. கேட்டால் மரியாதையாக இருக்காது.

“அண்ணாச்சி, காரணம் என்ன போட?” என்பான் சுயம்பு.

“அவசரம்னு போடு.”

“டாக்டர் சீட்டு?”

“பெறகு வரும்டே.”

அனுப்புநர் என்ற இடத்தில் அவன் பெயரை அடிப்பான். அனுப்புகிறவன் அவன்தானே? ‘கேட்டவர்’ என்று நான் ஹெடர் வைக்கவில்லை. வைத்திருக்கலாமே என்று இப்போது நீங்கள் பார்க்கிற பார்வை தெரிகிறது. உலகத்தில் எந்த முறையிலும் எல்லா ஹெடரும் வைக்க முடியாது, பாருங்கள். இரண்டு வருஷத்தில் மொத்தம் பதினோரு தடவை. அதிகம் இல்லை.

போன வருஷம் பொன்செல்விக்கு இரண்டு கிட்னியும் போய்விட்டது. எங்கள் நிலையத்திலேயே சேர்த்தான். வரிசைப்படி, நர்ஸ் வழியாக, எல்லோரையும்போல. வாரம் மூன்று நாள் கிடைத்தது. மத்தியானம் நான்கு மணி நேரம் அவள் பக்கத்தில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்து லேப்டாப்பில் வேலை பார்ப்பான். அவள் ஒரு நாள் என்னைப் பார்த்து, “அண்ணாச்சி, இவியள வீட்டுக்கு அனுப்புங்க. மெஷினு என் ரத்தத்த எடுக்குது, இவிய என் உசுர எடுக்காவ” என்றாள். சுற்றி உட்கார்ந்திருந்த நோயாளிகள் எல்லாம் சிரித்தார்கள். குழாய் மாட்டிக்கொண்டு சிரிக்கிற இன்னொருத்தியை நான் பார்த்ததில்லை.

இந்த மே மாதம் எங்கள் நிலையத்தில் இரண்டு மெஷின் படுத்துக்கொண்டது. உதிரி பாகம் வெளிநாட்டிலிருந்து வர வேண்டும். எல்லோருக்கும் மூன்று நாள் இரண்டானது. பிறகு சிலருக்கு ஒன்றானது. பொன்செல்விக்கு ஒன்று. அக்கினி நட்சத்திரம் வேறு, தாகத்துக்கு ஒரு டம்ளர் தண்ணீர் கூடக் குடித்தாலும் நுரையீரலில் போய் நிற்கும். கால் வீங்கி, முகம் வீங்கி, படுக்க முடியாமல் தலையணையை அடுக்கி உட்கார்ந்தே இருக்கிறாள் என்று சொன்னான்.

ஒரு புதன்கிழமை மத்தியானம் வந்து என் மேஜைக்கு முன்னால் நின்றான்.

“அண்ணாச்சி, அவளுக்கு ஒரு தடவ போட்டுக்கிடட்டுமா?”

“டாக்டர் சீட்டு இருக்கா?”

“அவுக மெட்ராஸ்ல கான்பரன்ஸ்ல இருக்காவ. போன் எடுக்கல.”

“எடுக்கட்டும். எடுத்த பெறகு பாப்போம்.”

அவன் போகவில்லை. நின்றான். நான் லாக்கைப் புரட்டிக்கொண்டிருந்தேன். “சுயம்பு, நாமளே நம்ம வீட்டுக்குப் போட்டுக்கிட்டா, நாளைக்கு அடுத்தவன்ட்ட எந்த மூஞ்சிய வச்சுக்கிட்டுச் சீட்டு கேக்க?” என்றேன். நான் சொன்னதில் தப்பு உண்டா? நீங்களே சொல்லுங்கள். அவன் “சரி அண்ணாச்சி” என்று சொல்லிவிட்டுப் போனான்.

பதினோராவது எப்போது என்று ஏன் கேட்கிறீர்கள்? அது அதற்கு முந்தின வியாழக்கிழமை. என் வீட்டுக்காரியின் தம்பிக்கு. அது வேறு. அப்போது மெஷின் எல்லாம் ஓடிக்கொண்டிருந்தது. சரி, ஓடவில்லை. அந்த இரண்டும் அப்போதே படுத்துவிட்டது. நீங்கள் ஒன்றையும் விட மாட்டீர்கள் போலிருக்கிறது.

மறுநாள் காலை லாக்கைத் திறந்தால், ஐந்து ஐம்பத்திரண்டுக்கு ஒரு வேண்டுகோள். அனுப்புநர், சுயம்புலிங்கம். முன்னுரிமை, ஒன்று. காரணம், ‘என் மனைவி’. இங்கிலீஷ் எழுத்தில் தமிழை அடித்திருந்தான், என் மனைவி. அவ்வளவுதான். அவசரம் என்றுகூடப் போடவில்லை.

அவன் என்ன பெயரை வேண்டுமானாலும் போட்டிருக்கலாம், நினைவிருக்கிறதா? என் பெயரைப் போட்டிருக்கலாம். போட்டிருந்தால் என்னால் ஒன்றும் நிரூபித்திருக்க முடியாது. இல்லை, காரணத்தில் டாக்டர் பெயரை எழுதியிருக்கலாம். நான் அதைப் பார்த்துக் கையெழுத்துப் போட்டுவிட்டுப் போயிருப்பேன். முட்டாள். திருடப் போகிறவன் வாசலில் விலாசம் எழுதி வைத்துவிட்டா போவான்?

அன்றைக்கு அவள் இடத்தில் உட்கார வேண்டியவர் மேலப்பாளையத்து ஜெய்லானி பீவி என்கிற அம்மாள். அவருக்கு ஆறு மணி நேரம் தள்ளிப்போனது. அவர் மகன் அறக்கட்டளைக்குப் புகார் எழுதினான். பதினோரு தடவையும் யாரோ ஒருவர் தள்ளிப்போகத்தான் செய்தார்கள், ஆனால் அவர்கள் யாரும் எழுதவில்லை. இவன் எழுதினான். மேலிடம் என்னிடம் அறிக்கை கேட்டது. நான் என்ன செய்ய? லாக்கில் இருப்பதை மறைக்கவா? அந்த வரியை அப்படியே அச்செடுத்து, கீழே கோடு போட்டு, அனுப்பினேன்.

விசாரணைக்கு மூன்று பேர் வந்தார்கள். ஒரு வக்கீல், ஒரு ரிட்டயர்டு தாசில்தார், ஒரு டாக்டர். நான் ஒரு வரிதான் கொடுத்தேன். அவர்கள் இரண்டு வருஷத்து லாக்கையும் கேட்டார்கள். அதை நான் எதிர்பார்க்கவில்லை. பன்னிரண்டு முன்னுரிமை, பன்னிரண்டுக்கும் சீட்டு இல்லை, பன்னிரண்டிலும் ஒரே பெயர்.

வக்கீல் கேட்டார், “இதெல்லாம் யாருக்காகப் போட்டீர்கள்?”

சுயம்பு என்னைப் பார்த்தான். நான் மேஜையைப் பார்த்தேன். மேஜை மேல் ஒரு கண்ணாடிக் குண்டு இருந்தது, காகிதம் பறக்காமல் வைப்பது. உள்ளே ஒரு பூ.

“நான்தான் சார் அனுப்பினேன்” என்றான். “பேரு போட்டிருக்கம்லா.”

பிறகு தாசில்தார் என் பக்கம் திரும்பி, “மிஸ்டர் மாசிலாமணி, இதில் ஏதாவது நீங்கள் அனுப்பியது உண்டா?” என்றார். இல்லை என்றேன். அது சத்தியம். நான் ஒன்றுகூட அனுப்பியதில்லை. அவர் கேட்டது, அனுப்பியது உண்டா என்று. அனுப்பச் சொன்னது உண்டா என்று கேட்டிருந்தால் அதற்கு வேறு பதில். அவர் கேட்கவில்லை. கேள்வியைச் சரியாகக் கேட்கத் தெரியாதவர்கள் எல்லாம் தாசில்தாராக இருந்திருக்கிறார்கள்.

அன்று மத்தியானமே அவனை நீக்கினார்கள். மனைவிக்கு எங்கள் நிலையத்தில் இருந்த இடத்தையும் எடுத்துவிட்டார்கள். அது விதியில் இல்லை, அதை நான் எதிர்த்திருக்கலாம். அவனும் பொன்செல்வியும் பெண்ணைக் கூட்டிக்கொண்டு திசையன்விளைப் பக்கம் அவள் பிறந்த ஊருக்கு வந்துவிட்டார்கள். நாகர்கோவிலில் ஒரு இடம் கிடைத்தது. போக இரண்டு மணி நேரம், வர இரண்டு மணி நேரம், நடுவில் நான்கு மணி நேரம். வாரம் ஒரு தடவை. ஆவணி வரை தாக்குப்பிடித்திருக்கிறாள்.

போஸ்டரைப் பார்த்த அன்று நான் ஆபீசுக்குப் போய் அந்தக் கறுப்புத் திரையைத் திறந்தேன். ஆறு வருஷத்தில் முதல் தடவை நானே உட்கார்ந்தேன். காரணம் என்ற ஹெடரில், பழைய பதினோரு வேண்டுகோளும் யார் சொல்லிப் போனவை என்று எழுதினேன். லாக்கில் பதிந்துவிடும், பிறகு யாராவது எப்போதாவது பார்த்தால் தெரியட்டும் என்று. அடித்துத் தட்டினேன். திரும்பி வந்துவிட்டது. அனுப்புநர் பெயர் இல்லை என்று. என் விதி. மறந்துபோய்விட்டேன். பழக்கமில்லை அல்லவா?

போட்டு மறுபடி அனுப்ப வேண்டியதுதானே என்கிறீர்கள். போட்டிருக்கலாம். அதற்குள் கரண்ட் போய்விட்டது. இல்லை, போகவில்லை. மூடிவிட்டேன்.

இன்றைக்குக் காலை அவன் வீட்டுக்குப் போனேன். தலையை மழித்திருந்தான், சட்டென்று அடையாளம் தெரியவில்லை. வந்திருந்த சனத்திடம், “எங்க ஆபீஸ் அண்ணாச்சி. எனக்கு வேல பழக்கினவுக” என்று என்னைக் காட்டினான். ஒருவர் எழுந்து எனக்கு நாற்காலி கொடுத்தார். கொஞ்ச நேரம் கழித்து அவன் என் பக்கம் குனிந்து, “அண்ணாச்சி, அன்னைக்குத் தள்ளிப்போச்சே, அந்த மேலப்பாளையத்து அம்மா, நல்லா இருக்காவளா?” என்றான்.

“இருக்காவடே” என்றேன். எனக்குத் தெரியாது. நான் பார்க்கவே இல்லை.

“நல்லது” என்றான். “இவ கடைசி வரைக்கும் அதத்தான் கேட்டுக்கிட்டுக் கெடந்தா. நம்மளால அந்தம்மாவுக்கு எதும் ஆயிரலயேன்னு.”

அப்புறம்தான் கடிதத்தைப் பற்றிச் சொன்னான். நாகர்கோவில் ஆஸ்பத்திரி, திங்கட்கிழமை, எல்லாம். “உங்களுக்குச் சங்கடம்னா வேண்டாம் அண்ணாச்சி” என்றான். எழுதித் தருகிறேன் என்றேன். பிறகு எழுந்து வந்துவிட்டேன். துட்டி வீட்டில் போய்வருகிறேன் என்று சொல்லிக்கொள்ளக் கூடாது, முறை. அந்த முறையை யார் வைத்தார்களோ, எனக்கு இன்றைக்கு உதவியாக இருந்தது.

நாங்குநேரி தாண்டிவிட்டோமா? அப்படியானால் இன்னும் முக்கால் மணி நேரம் இருக்கிறது. உங்களை ஒன்று கேட்கலாமா? கவரில் உங்கள் கையெழுத்தைப் பார்த்துக்கொண்டே வருகிறேன், முத்து முத்தாக இருக்கிறது. நான் எழுதினால் எழுத்து கோணிக்கொண்டு போகும். பஸ் குலுக்கல்தான். காகிதமும் பேனாவும் என்னிடம் இருக்கிறது. கையில் தர மாட்டேன், இப்படி சீட்டில் வைக்கிறேன், எடுத்துக்கொள்ளுங்கள். நான் சொல்லச் சொல்ல எழுதினால் போதும்.

‘சுயம்புலிங்கம் எங்களிடம் ஆறு ஆண்டுகள் பணியாற்றினார். தொழிலில் தேர்ந்தவர். தாம் அனுப்பிய ஒவ்வொரு வேண்டுகோளிலும் தம் பெயரைத் தவறாமல் இட்டவர்.’ எழுதிவிட்டீர்களா? நல்ல வாக்கியம், முழுக்க உண்மை. அடுத்து. ‘உரிய சீட்டு இல்லாமல் பன்னிரண்டு முறை முன்னுரிமை வேண்டுகோள் அனுப்பப்பட்டதாகப் பதிவு உள்ளது. அதன் காரணமாக…’

ஏன் நிறுத்திவிட்டீர்கள்?

அதை எழுதினால் வேலை கிடைக்காது. தெரியும். ஆனால் மேலதிகாரி கடிதத்தில் பதிவில் இருப்பதை விட முடியுமா?

என்ன சொல்கிறீர்கள்?

பதினொன்று என் சொல்லின் பேரில் என்றா? அந்த வாக்கியத்தை நீங்களே எழுதிவிட்டீர்களா? வாசியுங்கள். ‘இவற்றுள் பதினொன்று, அவருடைய மேலதிகாரியாகிய மாசிலாமணி தமக்கு வேண்டியவர்களுக்காகப் போடச் சொன்னவை. ஒன்று, சுயம்புலிங்கம் தம் மனைவியின் உயிருக்காகப் போட்டது.’

இன்னொரு தடவை வாசியுங்கள்.

சரியாகத்தான் இருக்கிறது. ஒரு எழுத்து மாற்ற வேண்டாம். அப்படியே இருக்கட்டும்.

இல்லை, கோடு போட்டு அடிக்கச் சொல்லவில்லை. இருக்கட்டும் என்றுதான் சொல்கிறேன். கண்ணில் தூசி, ஜன்னலைக் கொஞ்சம் இறக்குங்கள்.

கையெழுத்தா? போடலாம், அதற்கு என்ன அவசரம், நாளைக்கு ஞாயிறு ஒரு நாள் இருக்கிறது. முதலில் கீழே இடது பக்கம் ‘எழுதியவர்’ என்று போட்டு உங்கள் பெயரையும் ஊரையும் எழுதிவிடுங்கள். அதுதான் முறை. எழுதியது நீங்கள்தானே? ஏன் பேனாவை மூடுகிறீர்கள்? கைப்பட எழுதியதற்குப் பெயர் போடுவதில் என்ன பயம், ஐயா? சுயம்பு ஆறு வருஷம் போட்டான். ஒரு தடவைகூட ஏன் என்று கேட்டதில்லை.